ஃபண்டு பணம் உள்ளே வரும் முன்பே வெளியேறும் வழியைப் பேசி முடியுங்கள்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கு 6 ஏக்கர் தேயிலை இருக்கிறது. நானும் என் கொழுந்தனாரும் 2017-ல் பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கினோம். சுற்றியுள்ள சிறு விவசாயிகளிடம் இரண்டு இலையும் மொட்டுமாக வாங்கி ஆர்த்தடாக்ஸ், கிரீன் டீ, கொஞ்சம் வெள்ளைத் தேயிலை தயாரிக்கிறோம். ஃபேக்டரி அப்பாவின் நிலத்தில்தான் நிற்கிறது. போன வருடம் 60,000 கிலோ தூள், 4.20 கோடி ரூபாய் விற்பனை. வட்டி, தேய்மானம், வரி எல்லாவற்றுக்கும் முந்தைய லாபம் 63 லட்சம். பேங்க் கடன் 1 கோடி. தவணையும் வட்டியுமாக வருடத்துக்கு 27 லட்சம் போகிறது.

மும்பையில் உள்ள ஒரு பிரைவேட் ஈக்விட்டி ஃபண்டு 5 கோடி போடுவதாக டெர்ம் ஷீட் அனுப்பியிருக்கிறது. கம்பெனியின் இன்றைய மதிப்பு 10 கோடி, அவர்களுக்கு 33.33 சதவீதம், ஊழியர் பங்குத் திட்டத்துக்கு 10 சதவீதம். மூன்றாம் ஆண்டு லாபம் 1.5 கோடி வராவிட்டால் அவர்கள் பங்கு 42 சதவீதம் வரை ஏறும். ஐந்தாம் ஆண்டு முடிவில் அவர்கள் வெளியேற வழி கிடைக்காவிட்டால் கம்பெனியோ நாங்களோ ஆண்டுக்கு 22 சதவீத வருமானத்தோடு பங்கைத் திரும்ப வாங்க வேண்டும். முடியாவிட்டால் முழுக் கம்பெனியையும் விற்கும் உரிமை அவர்களுக்கு. அப்பாவின் நிலத்தையும் எங்கள் இருவரின் தனிப்பட்ட உத்தரவாதத்தையும் கேட்கிறார்கள். கொழுந்தனார் இதை விடக் கூடாது என்கிறார். அப்பா வெளியாள் பணமே வேண்டாம் என்கிறார். 33 சதவீதம் அதிகமா? பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதுள்ள வடிவில் கையெழுத்துப் போட வேண்டாம். மறுத்து மெயில் அனுப்பவும் வேண்டாம். டெர்ம் ஷீட் என்பது பேரத்தின் முதல் தாள்தான். அதில் உங்களைச் சட்டப்படி கட்டுவது வழக்கமாக மூன்றே விஷயங்கள்: ரகசியம் காப்பது, குறிப்பிட்ட நாள்வரை வேறு முதலீட்டாளரோடு பேசாமல் இருப்பது, செலவை யார் ஏற்பது. மற்றதெல்லாம் திருத்தலாம். திருத்தச் சொன்னால் கோபித்துக்கொண்டு போகும் ஃபண்டு, நாளைக்கு உங்கள் போர்டில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

முதலில் நீங்கள் கேட்ட 33 சதவீதம். 10 கோடி மதிப்போடு 1 கோடி கடனைச் சேர்த்தால் 11 கோடி. 63 லட்சம் லாபத்தின் பதினேழரை மடங்கு. மலையில் உள்ள ஒரு சிறிய உணவுப் பொருள் கம்பெனிக்கு இது தாராளமான விலைதான். ஆனால் ஊழியர் திட்டத்துக்கான 10 சதவீதம் முழுவதையும் உங்கள் பக்கத்திலிருந்து எடுக்கிறார்கள். பணம் வந்த பிறகு கம்பெனி மதிப்பு 15 கோடி. அதில் ஃபண்டுக்கு 33.33, ஊழியர்களுக்கு 10, உங்கள் குடும்பத்துக்கு 56.67 சதவீதம். 15 கோடியில் 56.67 சதவீதம் எட்டரைக் கோடி. ஆகவே உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் விலை 8.5 கோடி. டீ மேக்கருக்கும் ஏற்றுமதியைப் பார்த்துக்கொள்பவருக்கும் பங்கு கொடுப்பது மிக நல்ல காரியம். நல்ல டீ மேக்கர் போய்விட்டால் ஆர்த்தடாக்ஸின் தரமும் அவரோடு போய்விடும். உங்கள் அளவுக்கு 5 சதவீதம் போதும். அதை முதலீட்டுக்குப் பிறகு உருவாக்கி இரு தரப்பும் சமமாகத் தாங்கும்படி கேளுங்கள்.

விலையைப் பற்றி இதற்கு மேல் கவலைப்பட வேண்டாம். விலையைக் கூட்டிக் கொடுப்பவர்கள் நிபந்தனைகளில் அதைத் திரும்பப் பிடிப்பது இந்தத் தொழிலின் வழக்கம். உங்கள் தாளில் அது ஐந்தாம் ஆண்டு பற்றிய பத்தியில் உட்கார்ந்திருக்கிறது.

ஃபண்டு நடத்துபவர் போடுவது பெரும்பாலும் பிறர் பணம். காப்பீட்டுக் கம்பெனிகள், பணக்காரக் குடும்பங்கள், வெளிநாட்டு வளர்ச்சி நிதி நிறுவனங்கள் ஆகியவை கொடுத்தது. இந்தியாவில் இவை பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் 2012-ஆம் ஆண்டு மாற்று முதலீட்டு நிதி விதிகளின் கீழ் பதிவாகின்றன. பிரைவேட் ஈக்விட்டி வழக்கமாக இரண்டாம் வகை. அந்த வகை நிதிக்கு முடிவு தேதி உண்டு. எட்டு முதல் பத்து ஆண்டு என்று வைத்திருப்பார்கள். மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதலீட்டாளர்கள் சம்மதித்தால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு நீட்டிக்கலாம். முதல் நான்கைந்து ஆண்டுகளில் பணத்தைப் போட்டு, மீதி ஆண்டுகளில் எடுத்துத் திருப்பித் தர வேண்டும். நடத்துபவருக்கு ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் கட்டணமும், குறிப்பிட்ட அடிமட்ட வருமானத்தைத் தாண்டிய லாபத்தில் சுமார் 20 சதவீதமும் கிடைக்கும். அந்த 20 சதவீதம் நீங்கள் நல்ல டீ செய்வதால் மட்டும் வராது. உங்கள் பங்கை அவர் யாரிடமாவது விற்றால்தான் வரும்.

டாலரில் திரட்டிய பணம் என்றால் இன்னொரு சுமையும் சேரும். 2014 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 62 ரூபாய், 2024 தொடக்கத்தில் சுமார் 83. ஆண்டுக்கு 3 சதவீதம் தேய்மானம். டாலரில் 20 சதவீதம் வேண்டுமென்றால் ரூபாயில் 23-க்கு மேல் ஈட்ட வேண்டும். உங்கள் தாளில் உள்ள 22 சதவீதத்துக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கலாம்.

'வளரும் சந்தை' என்ற பெயரே 1981-ல் உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகத்தில் வேலை பார்த்த ஆன்டோயின் வான் ஆக்ட்மேல் வைத்தது. அந்தச் சந்தைகளில் பணம் போடுவதை விட எடுப்பதுதான் கடினம். அமெரிக்காவில் நடுத்தரக் கம்பெனி ஒன்றை விற்க வந்தால் வாங்குவதற்கு வேறு ஃபண்டுகள் இருக்கும், பெரிய கம்பெனிகள் இருக்கும். கோத்தகிரியில் உள்ள 15 கோடி மதிப்புள்ள டீ கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கை வாங்க எத்தனை பேர் வருவார்கள்? அந்தச் சந்தேகம் ஃபண்டுக்கும் இருக்கிறது. அதனால்தான் வாங்குபவராக உங்களையே எழுதி வைத்திருக்கிறார்கள். சந்தையில் ஆள் கிடைக்காத அபாயம் முதலீட்டாளர் ஏற்க வேண்டியது. அவர் பங்குதாரராக வருவதன் பொருளே அதுதான். அது உங்கள் அப்பாவின் 6 ஏக்கர் மேல் ஏறக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். 5 கோடிக்கு ஆண்டுக்கு 22 சதவீதம், ஐந்து ஆண்டில் 2.70 மடங்கு, அதாவது 13.5 கோடி. அப்போது உங்கள் லாபம் இன்றைக்குப் போல் மூன்று மடங்காகி 1.9 கோடி ஆகியிருந்தாலும், கம்பெனியால் அந்தத் தொகையை எடுத்து வைக்க முடியாது. சட்டமும் விடாது. கம்பெனிகள் சட்டம் 68-ஆம் பிரிவின்படி, சிறப்புத் தீர்மானம் போட்டாலும், செலுத்திய மூலதனமும் தடையற்ற இருப்பும் (ஈவுத்தொகையாகக் கொடுக்கத்தக்க சேமித்த லாபம்) சேர்ந்த தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் பங்கைத் திரும்ப வாங்க முடியாது. ஒரு முறை வாங்கிய பிறகு அடுத்ததற்கு ஓராண்டு இடைவெளி வேண்டும். வாங்கிய பின் கடன், மூலதனமும் இருப்பும் சேர்ந்ததைப் போல் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. ஐந்தாம் ஆண்டில் உங்கள் மூலதனமும் இருப்பும் சேர்ந்து 9 கோடி என்று வைத்துக்கொண்டால் கம்பெனி தரக்கூடியது 2.25 கோடி. மிச்சம் 11 கோடிக்கு மேல் யார் தலையில்? "கம்பெனியோ நாங்களோ" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த "நாங்களோ" தலையில். உத்தரவாதக் கையெழுத்தும் நிலமும் அதற்காகத்தான் கேட்கப்படுகின்றன. பங்கு முதலீடு என்ற பெயரில், 22 சதவீதக் கூட்டு வட்டிக்கு நிலத்தை வைத்து வாங்கும் கடனாக இது முடிகிறது.

ஃபண்டு எந்த வகை என்பது இங்கே முக்கியம். மொரிஷியஸ், சிங்கப்பூர் போன்ற இடத்திலுள்ள கம்பெனி வழியாகப் பணம் வந்தால் அந்நியச் செலாவணி விதிகள் பொருந்தும். வெளியேறும்போது இத்தனை வருமானம் நிச்சயம் என்று முன்கூட்டியே விலை உறுதி கொடுக்க அந்த விதிகள் அனுமதிப்பதில்லை. திரும்ப வாங்கச் சொல்லும் உரிமையை, குறைந்தது ஓராண்டு கழித்து, அன்றைய நியாய மதிப்பில் பயன்படுத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014 ஜனவரியில் அனுமதித்தது. ஆனால் நிதியை நடத்துபவரும் அதைத் தொடங்கிய புரவலரும் இந்தியருக்குச் சொந்தமாகவும் இந்தியரின் கட்டுப்பாட்டிலும் இருந்தால் அது உள்நாட்டு முதலீடாகவே கருதப்படும். அந்தத் தடை உங்களுக்கு உதவாது. 'மும்பை ஃபண்டு' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பணமாகவே இருந்தாலும் 'சட்டம் தடுக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று கையெழுத்துப் போட வேண்டாம். டாடா, டோகோமோ விவகாரம் நினைவிருக்கலாம். ஜப்பானிய நிறுவனமான டோகோமோ டாடாவின் தொலைபேசிக் கம்பெனியில் 2009-ல் வாங்கிய பங்குக்கு, வெளியேறினால் வாங்கிய விலையில் குறைந்தது பாதிக்கு டாடா ஆள் பார்த்துத் தருவதாக ஒப்பந்தம். ரிசர்வ் வங்கி ஆட்சேபித்தது. ஆனாலும் லண்டன் நடுவர் மன்றம் சுமார் 117 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. 2017-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறைவேற்றலாம் என்றது. அவ்வளவு பெரிய குழுமத்துக்கே ஒப்பந்தத்தில் எழுதிய வரி திரும்பி வந்தது.

இந்தப் பத்தியை எப்படி மாற்றுவது? வெளியேறும் வழியைத் தேட 'நியாயமான முயற்சி எடுப்போம்' என்று ஒப்புக்கொள்ளுங்கள். காலத்தை ஐந்திலிருந்து ஏழு ஆண்டாக்குங்கள். அதற்குள் ஆள் கிடைக்காவிட்டால் கம்பெனி மட்டும், சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, அன்றைய நியாய மதிப்பில், மூன்று நான்கு தவணையாகத் திரும்ப வாங்கும் என்று எழுதுங்கள். மதிப்பை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் சொல்லட்டும். புரமோட்டர் (கம்பெனியைத் தொடங்கிய நீங்கள் இருவரும்), புரமோட்டரின் உறவினர், அவர்களின் தனிச் சொத்து எதற்கும் பொறுப்பு இல்லை என்று தனி வரியாகச் சேருங்கள். இந்த ஒரு வரிக்காக விலையில் 1 கோடி இறங்க வேண்டியிருந்தாலும் இறங்கலாம்.

முழுக் கம்பெனியையும் விற்கும் உரிமையை ஃபண்டுகள் எளிதில் விட்டுத்தர மாட்டார்கள். அதற்கு நான்கு வேலி போடுங்கள்: ஏழாம் ஆண்டுக்குப் பிறகுதான் பயன்படுத்தலாம்; விலை அவர்கள் நுழைந்த விலையின் குறைந்தது இரண்டு மடங்கு இருக்க வேண்டும்; வாங்குபவர் அவர்களுக்கு உறவுள்ள நிறுவனமாக இருக்கக் கூடாது; வெளியாளிடம் போவதற்கு முன் அதே விலைக்கு உங்களுக்கு 90 நாள் அவகாசம்.

பங்குச் சந்தையின் சிறு நிறுவனப் பிரிவில் இறங்கிவிடலாம் என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். 2025-ல் செபி அந்தக் கதவைக் குறுக்கியது. முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டிலாவது செயல்பாட்டு லாபம் 1 கோடி இருக்க வேண்டும். பழைய பங்குதாரர்கள் விற்பது வெளியீட்டில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதிலும் ஒவ்வொருவரும் தம் கையிருப்பில் பாதிக்கு மேல் விற்க முடியாது. 33 சதவீதம் வைத்திருக்கும் ஃபண்டு அந்த வழியில் ஒரே மூச்சில் வெளியேற முடியாது. அவர்களே அதை அறிவார்கள்.

அடுத்து மூன்றாம் ஆண்டின் 1.5 கோடி இலக்கு. உங்கள் எண்களை வைத்தே சொல்கிறேன். 60,000 கிலோ தூளுக்கு, கிலோவுக்கு நாலரைக் கிலோ கணக்கில், 2.7 லட்சம் கிலோ பசுந்தேயிலை வாங்குகிறீர்கள். இலை விலை கிலோவுக்கு 8 ரூபாய் ஏறி, ஏற்றுமதி விலை அப்படியே நின்றால் 21.6 லட்சம் போகிறது. லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். டிசம்பர், ஜனவரி உறைபனியில் ஒரு வாரம் கொழுந்து கருகினால் நீங்கள் வெள்ளைத் தேயிலைக்கு வாங்கும் மொட்டுதான் முதலில் போகும். பருவமழையில் கொப்புள நோய் வந்தால் நயமான இலை குறையும். இதில் எதுவும் உங்கள் நிர்வாகத் தவறு அல்ல. ஆனால் ஒரே ஒரு ஆண்டின் எண்ணை வைத்து உங்களிடமிருந்து கிட்டத்தட்ட 9 சதவீதப் பங்கு போகும்.

இலக்கே வேண்டாம் என்று சொல்வது எடுபடாது. 17 மடங்கு விலை கேட்டால் வளர்ச்சியைக் காட்டத்தான் வேண்டும். மூன்று, நான்காம் ஆண்டுகளின் சராசரியை எடுக்கச் சொல்லுங்கள். இலக்கில் 85 சதவீதம் தொட்டால் மாற்றம் இல்லை என்று கேளுங்கள். தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் பசுந்தேயிலைச் சராசரி விலை முந்தைய ஆண்டைவிட 15 சதவீதத்துக்கு மேல் ஏறினால் இலக்கை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். நீங்கள் நயம் இலைக்குக் கூடுதலாகக் கொடுப்பீர்கள். ஆனாலும் ஏற்ற இறக்கத்தை அளக்க அந்த விலை பொதுவான அளவுகோல், யாரும் மறுக்க முடியாதது. அதிகபட்ச மாற்றம் 3 சதவீதம் போதும். இலக்கைத் தாண்டினால் அதே அளவு உங்கள் பக்கம் திரும்ப வர வேண்டும்.

டெர்ம் ஷீட்டின் நகலையும் இணைத்திருந்தீர்கள். அதில் நீங்கள் கடிதத்தில் குறிப்பிடாத இரண்டு வரிகள் இருக்கின்றன.

ஒன்று, விற்பனையில் முன்னுரிமை. கம்பெனி விற்றால் ஃபண்டு முதலில் 5 கோடியை எடுத்துக்கொண்டு, மீதியிலும் தன் பங்கைப் பெறும் என்கிறது. கம்பெனி 12 கோடிக்குத்தான் விலை போனது என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் பங்கைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஃபண்டு 5 கோடி எடுத்து, மீதி 7 கோடியில் மூன்றில் ஒரு பங்கான 2.33 கோடியும் எடுக்கும், மொத்தம் 7.33. உங்களுக்கு 4.67. அதற்குப் பதில் 'போட்ட பணம் அல்லது பங்கு விகிதம், இரண்டில் எது அதிகமோ அது மட்டும்' என்று எழுதினால் ஃபண்டுக்கு 5 கோடி, உங்களுக்கு 7 கோடி. இரண்டாவது வடிவம்தான் நியாயமானது. முதலுக்கு அது காப்பும் கொடுக்கிறது.

இரண்டு, பின்னால் குறைந்த விலைக்குப் பங்கு வெளியிட்டால் ஃபண்டின் விலையும் அந்தக் குறைந்த விலைக்கு முழுதாக இறங்கும் என்ற வரி. உங்கள் குடும்பத்துக்கு 1 லட்சம் பங்கு, பங்கு 1,000 ரூபாய் வீதம் ஃபண்டுக்கு 50,000 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மோசமான ஆண்டில் 1 கோடி தேவைப்பட்டு, 500 ரூபாய்க்கு 20,000 பங்கு விற்கிறீர்கள். இந்த வரிப்படி ஃபண்டின் 50,000 பங்கு 1 லட்சமாகிவிடும். மொத்தம் 2.2 லட்சம், உங்கள் பங்கு 45.45 சதவீதம், ஃபண்டுக்கும் அதே 45.45. பெரும்பான்மை போய்விட்டது. எடை கலந்த சராசரி முறை என்று ஒன்று உண்டு. அதில் புதிதாக வந்த பங்கின் எண்ணிக்கையையும் சேர்த்து விலையைக் குறைப்பார்கள். இதே நிலைமையில் ஃபண்டின் விலை 941 ரூபாய்க்குத்தான் இறங்கும், பங்கு 53,125 ஆகும், உங்களுக்கு 57.76 சதவீதம் நிற்கும். 1 கோடி திரட்டியதற்காகக் கம்பெனியை இழப்பதா வேண்டாமா என்பது இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. வெளிநாட்டுப் பணமென்றால், முன்னுரிமைப் பங்கு சாதாரணப் பங்காக மாறும்போது விலை, வழங்கிய நாளின் நியாய மதிப்புக்குக் கீழே போகக் கூடாது என்ற விதியும் உண்டு. வழக்கறிஞரிடம் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

இனி, 5 கோடி வேண்டுமா என்ற கேள்வி. கடிதத்தோடு இணைத்த தாளில் பணத்தை எதற்கு என்று பிரித்திருக்கிறீர்கள்: வாடல் தொட்டி, ரோலர், டிரையர், நிறம் பிரிக்கும் மெஷின் ஆகியவற்றுக்கு 1.6 கோடி, பேக்கிங் அறைக்கு 90 லட்சம், நடைமுறை மூலதனம் 1.5 கோடி, ஆன்லைன் விற்பனைக்கும் பிராண்டுக்கும் 1 கோடி. இவற்றில் மெஷினுக்குப் பங்கு கொடுப்பது மிக விலை உயர்ந்த வழி. அது பேங்க் கொடுக்கும் பணம். குறு, சிறு நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாத அறக்கட்டளைத் திட்டத்தில் வரம்பு 2025 ஏப்ரல் முதல் 10 கோடி. அதில் சொத்துப் பிணை இல்லாமல் கடன் கேட்கலாம். உத்தரவாதக் கட்டணம் மட்டும் உண்டு. தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்திலும் கேளுங்கள். கையில் ஆர்டர் உள்ள ஏற்றுமதிக்கு நடைமுறை மூலதனத்தை ஏற்றுமதி முன்கடனாக வாங்கலாம். திரும்பி வருமா என்று நிச்சயமில்லாத பிராண்டுச் செலவுக்குத்தான் பங்குப் பணம் சரி.

எல்லா மெஷினையும் ஒரே நேரத்தில் கடனில் வாங்கிவிட முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1.6 கோடியில் 1.2 கோடி கடன், 10.5 சதவீதம், 6 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 2.25 லட்சம், வருடம் 27 லட்சம். பழைய 27 லட்சத்தோடு 54 லட்சம். 63 லட்சம் லாபத்தில் அது மூச்சுமுட்டும், லாபம் தவணையைப் போல் 1.17 மடங்குதான் இருக்கிறது, பேங்க்கும் தயங்கும். பாதி மெஷினை முதலில் போட்டால் மொத்தத் தவணை 40.5 லட்சம், 1.56 மடங்கு. அது தாங்கும். முதல் கட்டம் ஒரு முழுப் பருவம் ஓடிய பிறகு இரண்டாம் கட்டம். இப்படிப் பிரித்தால் பங்காகத் திரட்ட வேண்டியது ஏறக்குறைய 2 கோடி. அதே 10 கோடி விலையில் 2 கோடிக்கு 16.67 சதவீதம்தான் போகும். இந்த ஃபண்டு 2 கோடிக்குச் சம்மதிக்காமல் போகலாம். ஆய்வுச் செலவும் வக்கீல் செலவும் 2 கோடிக்கும் 20 கோடிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சிறிய தொகை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அப்போது, 3 கோடி இப்போது, 2 கோடி பதினெட்டு மாதம் கழித்து இப்போதே பேசிய விலையில் என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் சிறிய தொகை போடும் முதலீட்டாளர்களைத் தேடுங்கள்.

பேச்சு நல்லபடி முடிந்தால் ஆறு முதல் எட்டு வாரம் ஆய்வு நடக்கும். உங்களைப் போன்ற ஃபேக்டரிகள் வழக்கமாக இடறும் இடங்களை இப்போதே சரி செய்யலாம். பிராண்டு டிரேட்மார்க் 30-ஆம் வகுப்பில் கம்பெனி பெயரில் இருக்கிறதா, கொழுந்தனார் பெயரில் இருக்கிறதா? பலரும் தொடக்கத்தில் தனியாள் பெயரில் போட்டுவிடுகிறார்கள். இலைக்கு ரொக்கம் கொடுக்கும்போது, நாளுக்கு ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் போனால் வருமான வரியில் செலவாக ஏற்க மாட்டார்கள். விளைவித்த விவசாயிக்கே நேரடியாகக் கொடுப்பதற்கு விலக்கு உண்டு, இலை ஏஜென்ட்டுக்குக் கொடுப்பதற்கு இல்லை. விவசாயி வாரியாகப் பெயர், பட்டா எண், எடை, தொகை பதிவேட்டில் இருக்க வேண்டும். ஐரோப்பாவுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் எந்தத் தோட்டத்தில் எந்த மருந்து எந்தத் தேதியில் அடித்தார்கள் என்ற குறிப்பும், எச்ச அளவுச் சோதனை அறிக்கைகளும் கேட்பார்கள். ஜிஎஸ்டி தாக்கலும் கணக்குப் புத்தகமும் மாதம் மாதம் ஒத்துப்போக வேண்டும்.

ஃபேக்டரி அப்பா நிலத்தில் நிற்பதற்குப் பதிவு செய்த குத்தகை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் ஃபண்டு கவலைப்படுவது நியாயமே. கட்டடமும் மெஷினும் உரிமையில்லாத தரையில் நிற்க முடியாது. அதற்குத் தீர்வு நிலத்தை அடமானம் வைப்பதோ கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பதோ அல்ல. ஃபேக்டரி உள்ள இடத்தை மட்டும் அளந்து, 20 ஆண்டுக்குப் பதிவு செய்த குத்தகையாகக் கம்பெனிக்குக் கொடுங்கள். தோட்டம் தனியாக நிற்கட்டும். சொந்த இலையில் செய்த தேயிலையின் வருமானத்தில் 60 சதவீதம் விவசாய வருமானம் என்பதால், தோட்டத்தையும் கம்பெனிக்குள் கொண்டுவந்தால் வரி மிச்சமாகும் என்று யாராவது ஆசை காட்டலாம். 6 ஏக்கர் இலைக்கு மிச்சமாகும் வரிக்காகத் தோட்டத்தை அந்தக் கூட்டில் வைக்க வேண்டாம். போட்டித் தொழில் செய்யக் கூடாது என்ற பத்தியிலும் 'குடும்பத்தார் பசுந்தேயிலை விளைவிப்பதும், எந்த ஃபேக்டரிக்கும் விற்பதும் இதில் அடங்காது' என்று எழுதுங்கள். இல்லையென்றால் அப்பா பக்கத்து ஃபேக்டரிக்கு இலை போடுவதே மீறலாகிவிடும்.

பணம் வரும் வாரத்தில் நடக்கும் ஒரு தவறைச் சொல்கிறேன். தனியார் ஒதுக்கீட்டுப் பணம், அதாவது குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் பங்கு கொடுத்துத் திரட்டும் பணம், தனி வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும். வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய 15 நாளுக்குள், ஒதுக்கிய விவரத்தைச் சொல்லும் பிஏஎஸ்-3 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் படிவம் தாக்கலாகும்வரை அதில் ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது. இலை பாக்கி நிற்கிறதே என்று அந்தக் கணக்கிலிருந்து விவசாயிகளுக்குக் கொடுத்துவிட்டு அபராதத்தில் மாட்டுகிறார்கள். வெளிநாட்டுப் பணமென்றால் ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கான எஃப்சி-ஜிபிஆர் படிவமும் உண்டு. கூடுதல் விலைக்குப் பங்கு விற்றதற்கு வரி வருமோ என்று பயப்பட வேண்டாம். 'ஏஞ்சல் வரி' எனப்பட்டதை 2024 பட்ஜெட்டில் நீக்கிவிட்டார்கள்.

பத்து நாள் கெடுவுக்குள் இப்படி ஒரு மெயில் அனுப்புங்கள். முதலீட்டில் ஆர்வம் இருக்கிறது, ஐந்து பத்திகளில் திருத்தம் கேட்கிறோம் என்று தொடங்கி, வெளியேறும் வழி, தனிப்பட்ட உத்தரவாதமும் நிலமும், லாப இலக்கு, விற்பனை முன்னுரிமை, விலைக் குறைப்பு முறை என்ற வரிசையில் எழுதுங்கள். வேறு யாருடனும் பேசக் கூடாத காலம் 45 நாள் என்றும், பேரம் முறிந்தால் அவரவர் செலவு அவரவருடையது என்றும் சேருங்கள். அதே மெயிலில் நான்கு விவரம் கேளுங்கள்: செபி பதிவு எண், இந்த நிதி எந்த ஆண்டு திரட்டி முடிக்கப்பட்டது, முடிவு தேதி எது, இதுவரை எத்தனை கம்பெனிகளிலிருந்து, எந்த வழியில் வெளியேறியிருக்கிறார்கள். நான்கு ஆண்டுதான் பாக்கி என்றால் ஏழு ஆண்டு பேச்சு நடக்காது. வேறு இடம் பார்க்கலாம். அவர்கள் வெளியேறிய கம்பெனிகளில் இரண்டின் உரிமையாளர்களிடம் நீங்களே போனில் பேசுங்கள், குறிப்பாக லாப இலக்கைத் தவறவிட்ட ஒருவரிடம்.

வக்கீலை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஃபண்டு சிபாரிசு செய்பவர் வேண்டாம். அப்பாவுக்குத் தனியாக ஒருவர் வேண்டும், ஏனென்றால் உங்கள் நலனும் அவர் நலனும் இந்தத் தாளில் ஒன்றல்ல. கம்பெனியில் அவருக்குப் பங்கு இல்லை, ஆனால் நிலம் அவருடையது. இந்த வாரம் டெர்ம் ஷீட்டை அவர் முன்னால் உட்கார்ந்து, நிலம் பற்றிய பத்தியைத் தமிழில் வரி வரியாகச் சொல்லுங்கள். திருத்திய தாள் வந்த பிறகும் அதே பத்தியை மறுபடி அவருக்குச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.